மகளை ஆசிரியையாக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: நாங்கள் களுதாவளையில் வெற்றிலைச் செய்கை செய்பவர்கள். மாதம் சராசரியாக 60,000 ரூபா வருகிறது. மகள் உயர்தரம் கலைப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். ஆசிரியை ஆவதுதான் அவள் விருப்பம். கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு அவளுடைய இசட் புள்ளி போதும் என்கிறார்கள். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்வியியற் கல்லூரிக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் உறவினர் ஒருவர், தனியார் நிறுவனம் ஒன்றில் 9 இலட்சம் கட்டினால் நான்கு வருடத்தில் கல்விமாணிப் (B.Ed) பட்டம் கிடைக்கும், காத்திருக்கத் தேவையில்லை என்கிறார். வங்கியில் 4 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. மீதி 5 இலட்சத்துக்கு அவளுக்கென்று சேர்த்த நகையை அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம், சகோதரி.

அடகு வட்டி ஆண்டுக்கு 12 வீதம் என்று மட்டும் வைத்துப் பாருங்கள். 5 இலட்சத்துக்கு வருடம் 60,000 ரூபா. நான்கு வருடத்தில் 240,000 ரூபா. படிப்புக் கட்டணத்தோடு கூட்டினால் 11 இலட்சத்து 40 ஆயிரம். உங்கள் வீட்டின் 19 மாத முழு வருமானம் அது. வட்டியைக் கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். மகளுக்கு நகையும் வீடும் கொடுத்து அனுப்புவது நம் பக்கத்து வழக்கம். அந்த நகையை இழந்துவிட்டு வருகின்ற பட்டம் அவள் மனதிலும் பாரமாகவே இருக்கும்.

அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏற்றுக்கொண்டாலும் அரச பாடசாலை நியமனம் வெற்றிடத்தையும் வர்த்தமானி அறிவித்தலையும் பொறுத்தது. ‘காத்திருக்கத் தேவையில்லை’ என்ற உறுதியை எந்தத் தனியார் நிறுவனமும் தர முடியாது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் களுதாவளையிலிருந்து அது இருக்கும் வந்தாறுமூலைக்கு நாளாந்தம் போய்வருவது கடினம். படிப்பு முடியும்வரை விடுதி கிடைக்கும் என்றும் கணக்குப் போடாதீர்கள். அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் கையிலிருந்துதான். பல்கலைக்கழக மாணவர்களுக்கான மாதாந்த மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கிடைத்தால் நல்லது, ஆனால் வாடகையை அதை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம். தவணை பிந்தியும் வரும்.

பெரிய செலவு பட்டத்துக்குப் பிறகு வருவது, அதாவது சம்பளமில்லாத வருடங்கள். 2017 இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் பலர் கலைப் பட்டதாரிகள். அப்படிப்பட்ட காத்திருப்பைத் தாங்கும் வசதி உங்கள் வீட்டில் இருக்கிறதா என்பதை முதலில் யோசியுங்கள்.

அதனால் உங்கள் நிலைக்கு என் தெரிவு தேசிய கல்வியியற் கல்லூரி. இரண்டு வருடம் தங்கிப் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் உள்ளகப் பயிற்சி. உதவித்தொகையும் உண்டு. கற்பித்தலுக்கென்றே நடக்கும் படிப்பு என்பதால் முடிப்பவர்கள் பொதுவாக ஆசிரியர் சேவைக்கே உள்வாங்கப்படுகிறார்கள். தாழங்குடாவில் கிடைத்தால் வீட்டுக்குப் பக்கம். பாடத்தைப் பொறுத்து அட்டாளைச்சேனை, வவுனியா, கோப்பாய் என்றும் போக நேரலாம். முதல் நியமனம் தூரத்தில் அமையலாம். அதற்கு இப்போதே மனதைத் தயார்படுத்துங்கள். சம்பளம் கைக்கு வந்த பிறகு, தேசிய கல்வி நிறுவகத்திலோ திறந்த பல்கலைக்கழகத்திலோ கல்விமாணியை அவள் தன் பணத்திலேயே படிக்கலாம். இன்று 9 இலட்சத்துக்கு விலை பேசப்படும் அதே வகைப் பட்டம்தான் அது.

ஒன்றை மட்டும் மகளிடம் கேளுங்கள். உயர்தர வகுப்புக்கு ஒரு பாடத்தை ஆழமாகக் கற்பிப்பதுதான் அவள் கனவு என்றால் பல்கலைக்கழகமே பொருத்தம். பட்டத்துக்குப் பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கும் காலமும் பணமும் ஒதுக்க வேண்டும். இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய முடியாது என்பதால் அந்த முடிவை அவளே எடுக்கட்டும்.

நிலையான வைப்பை உடைக்க வேண்டாம். முதிர்வுத் திகதி வரும்போது 1 இலட்சத்தைச் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிப் பிரயாணம், புத்தகம், உடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மீதி 3 இலட்சம், மார்கழி வெள்ளம் வெற்றிலைக் கொடியை அழித்தால் வீட்டைக் காப்பதற்கு. கல்வியியற் கல்லூரிக்கான வர்த்தமானியை இப்போதிருந்தே வாராவாரம் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், பெறுபேற்றுப் பத்திரம், கிராம உத்தியோகத்தர் வதிவிடச் சான்றிதழ் மூன்றையும் ஒரே கோப்பில் தயாராக வையுங்கள்.