கொடுக்காப்புளி வேலிக்கு விலை சொல்வதற்கு முன்

நண்பரே, 300 மீட்டர் கொடுக்காப்புளி வேலி, இரண்டு ஆண்டுகளாக வெட்டாதது, அதை வெட்டிக்கொடுக்க மீட்டருக்கு எவ்வளவு கேட்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நீளத்தை மட்டும் வைத்து விலை சொல்லிவிடாதீர்கள். உயரம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர் என்றால், இரு பக்கமும் மேற்புறமும் சேர்த்து 1,500 சதுர மீட்டர் வெட்ட வேண்டும். மறுபக்கம் அடுத்தவர் நிலமா? அங்கே இறங்க அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

பிறகு, இருப்பதிலேயே அடர்த்தியான இடத்தில் 10 மீட்டர் வெட்டிப் பாருங்கள். வெட்டியதை அள்ளி ஓரிடத்தில் குவிக்கும்வரை நேரத்தைக் கணக்கில் சேருங்கள். கட்டைவிரல் பருமனுக்கு முற்றிய கிளை வேலி வெட்டும் இயந்திரக் கத்தியின் பல்லிடுக்கில் பெரும்பாலும் நுழையாது, கை ரம்பம்தான். முள்கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், வெட்டுகிற நேரம் அள்ளுவதற்கும் பிடிக்கும். அந்த 10 மீட்டருக்கு இரண்டு பேருக்கு ஒரு மணி நேரம் ஆனால் மொத்தம் 30 மணி நேரம். வெயிலில் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் உருப்படியாக நடக்காது. ஆகவே இருவருக்கும் ஐந்து நாள் கூலி. பெட்ரோல், சாணை, டிராக்டர் வாடகை தனி.

கழிவை அகற்றுவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பக்கத்தில் ஆடு வளர்ப்பவர்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; பச்சைத் தழையை அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள், ஒரு டிராக்டர் நடை மிச்சமாகும்.