வாத்துக்குக் கோழித் தீவனம் போதுமா?

கேள்வி: ஆறு வெள்ளை பெக்கின் வாத்துக்குஞ்சுகள் வளர்க்கிறோம். வயது மூன்று வாரம். கோழிக்குஞ்சு ஸ்டார்ட்டர் தீவனம்தான் போடுகிறோம். இரண்டு குஞ்சுகளுக்குக் கால் வளைந்து, மூட்டு வீங்கி, நடக்காமல் குந்தியே இருக்கின்றன. கால்சியம் டானிக் கொடுத்தும் பலனில்லை. என்ன செய்வது?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: டானிக்கை நிறுத்துங்கள். கால்சியம் மிகுந்தால் குஞ்சின் சிறுநீரகம் கெடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுகளுக்குப் போடக்கூடாது என்பதும் இதனால்தான்.

நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது நியாசின் (பி3) குறைபாடு. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து கோழி ஓரளவு நியாசினைத் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் வாத்துக்குஞ்சின் தீவனத்தில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் நியாசின் தேவை. கோழிக்குஞ்சுக்கு அதில் ஏறக்குறையப் பாதி போதும். மக்காச்சோளத்திலும் தவிட்டிலும் நியாசின் இருக்கிறதே என்பீர்கள். அது பெரும்பாலும் செரிக்காத வடிவில் கட்டுண்டு கிடக்கிறது.

நொண்டும் இரண்டையும் தனியே பிரித்து, நான்கு லிட்டர் குடிநீரில் 100 முதல் 150 மி.கி. நியாசினமைடு (நியாசினின் ஒரு வடிவம்) கலந்து வையுங்கள். மெடிக்கல் ஷாப்பில் அட்டையைத் திருப்பிப் படியுங்கள். ‘நிக்கோட்டினமைடு’ என்றிருந்தாலும் அதே மருந்துதான். மாத்திரையை நன்றாகப் பொடித்துக் கரைக்க வேண்டும். தினமும் புதிதாகக் கலக்குங்கள், வேறு தண்ணீர் வைக்காதீர்கள். கொழுப்பைக் குறைக்கத் தரும், மெதுவாகக் கரையும் நியாசின் மாத்திரை வேண்டாம். சில நாளில் நடை தேறும். மூட்டிலிருந்து தசைநாண் நழுவியிருந்தால் மட்டும் வைட்டமினால் சரியாகாது. கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

மற்ற நான்குக்கும் ஒரு கப் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி ப்ரூவர்ஸ் ஈஸ்ட் (பீர் தயாரிப்பில் கிடைக்கும், உயிரற்ற ஈஸ்ட் பொடி) போதும். உலர்ந்த தீவனத்தில் தூவினால் பொடி தட்டின் அடியில் தங்கிவிடும், குஞ்சு மேலே உள்ளதைத் தின்றுவிட்டுப் போகும். லேசாக நீர் தெளித்துப் பிசறி வையுங்கள். நம் வெயிலில் ஈரத் தீவனம் சீக்கிரம் புளிக்கும். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். பேக்கரி ஈஸ்ட் இதற்கு மாற்று ஆகாது: அது உயிருள்ளது, வயிற்றில் நொதிக்கும்.

தரையில் செய்தித்தாள் விரித்திருந்தால் அதையும் எடுத்துவிட்டுச் சாக்கு போடுங்கள். வழுக்கும் தரையிலும் குஞ்சுகளின் கால் கோணும்.

கேள்வி: கடலைப் பிண்ணாக்கில் நியாசின் அதிகமாமே, அதையே சேர்க்கலாமா?
- வாசகர், திண்டிவனம்

பதில்: அதிகம்தான். ஆனால் பூஞ்சை பிடித்த பிண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கும். அந்த நஞ்சு வாத்துக்குஞ்சைத் தாக்குவதுபோல் கோழியைத் தாக்குவதில்லை. ஈரல் கெட்டால் அதில் சேமித்து வைக்கும் வைட்டமின் ஏ-யும் போகும். கண்ணுக்குத் தெரியாத அளவிலும் நஞ்சு இருக்கலாம் என்பதால் குஞ்சுகளுக்கு அறவே வேண்டாம். வைட்டமின் ஏ-க்கு முருங்கைக்கீரை, அசோலா (நீரில் மிதக்கும் சிறு பெரணி) நறுக்கிப் போடுங்கள்.

கேள்வி: மீன் கடைக் கழிவைப் பச்சையாகப் போடுகிறோம். ஒரு வாத்து தலையைப் பின்னால் வளைத்து வானத்தைப் பார்க்கிறது.
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மத்தி, கெண்டை போன்ற மீன்களில் உள்ள தயமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும். கொதிக்க வைத்தால் நொதி செயலிழக்கும். இனி வேகவைத்தே போடுங்கள். கழுத்து வளைந்த வாத்துக்கு இன்றே மருத்துவரிடம் தயமின் (அதே பி1) ஊசி போடுங்கள். வேறு நோய்களிலும் இப்படிக் கழுத்து திரும்பும் என்பதால் அவரிடம் தீவனம் என்ன என்பதையும் சொல்லுங்கள்.