இரண்டாகப் பிரியும் டிராயர் பெட்டி பழுதான சாமானா?

கேள்வி: எங்கள் காட்பாடி வீட்டில் தாத்தா காலத்துத் தேக்கு டிராயர் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் மேல்பாதி தனியாகக் கழன்று வருகிறது. நடுவில் அறுத்த பழுதுச் சாமான் என்று ஒரு தரகர் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படை அதிகாரிகள் முகாம் விட்டு முகாம் கொண்டு செல்வதற்காக, இரண்டு பாதிகளாகப் பிரியும் டிராயர் பெட்டிகளைச் செய்வித்துக்கொண்டார்கள். வேலூர்க் கோட்டையிலும் ஆற்காட்டிலும் கம்பெனிப் படை இருந்த இந்தப் பகுதியில் அப்படி ஒன்று கிடைப்பதில் வியப்பில்லை. கைப்பிடி வெளியே துருத்தாமல் பலகைக்குள் பதிந்திருக்கிறதா, மூலைகளில் பித்தளைத் தகடு இருக்கிறதா, கால்களைத் திருகிக் கழற்ற முடிகிறதா என்று பாருங்கள்.

தரகர் படப் புத்தகத்தைக் காட்டி ஆண்டு சொன்னால் நம்ப வேண்டாம். இங்கிலாந்தில் 1700-ஐ ஒட்டி வால்நட் மரமும் உருண்டைக் கால்களும், பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் மகோகனியும் தாங்கிக் கால்களும், அதன் இறுதியில் வில்லாக வளைந்த முகப்பும், விக்டோரியா காலத்தில் பெரிய மரக் குமிழ்களும் பரவலாக இருந்தன. ஆனால் படைப் பெட்டியின் வடிவம் பல பத்தாண்டுகள் பெரிதாக மாறவில்லை; நம் ஊர்த் தச்சர்களும் பழைய மாதிரியைப் பார்த்துப் பிற்காலத்தில் செய்திருக்கிறார்கள்.

ஆகவே, டிராயரை முழுவதும் வெளியே எடுத்து, வெளிச்சத்தில் கவிழ்த்துப் பாருங்கள். டவ்டெயில் என்று தச்சர்கள் சொல்லும், பலகைகளை மூலையில் கோக்கும் பற்கள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்டு, அவற்றின் அடியில் ஊசியால் கீறிய அளவுக் கோடும் தெரிந்தால் அது கைவேலை. பற்கள் அனைத்தும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவில் இருந்தால் இயந்திர வேலை. பழைய திருகாணியின் முனை மழுங்கியிருக்கும். கூர்முனைத் திருகாணி 1850-ஐ ஒட்டித்தான் பரவலாயிற்று.

ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். உடைந்த இரண்டு பெட்டிகளில் நன்றாக இருந்த பாதிகளை எடுத்து ஒன்றாக அடுக்கி விற்பதும் உண்டு. மேல்பாதிப் பற்களும் கீழ்ப்பாதிப் பற்களும் ஒரே கையால் வெட்டியவையாகத் தெரிய வேண்டும். பின்பலகைகளின் கனமும் நிறமும் ஒத்திருக்க வேண்டும். கீழ்ப்பாதியின் மேற்பலகை, மறைந்து கிடக்கும் இடமாதலால், பாலிஷ் இல்லாமல் வெறும் மரமாக இருக்க வேண்டும். அங்கே பளபளப்போ தண்ணீர் டம்ளர் வைத்த வட்டமோ தெரிந்தால், அது ஒரு காலத்தில் தனி மேசையாக நின்றது என்று பொருள். அப்போது தரகர் சொல்வதில் பாதி உண்மை.

வெளிநாட்டில் ஆள் காத்திருக்கிறார், சான்றிதழுக்குப் பணம் கட்டுங்கள் என்று அடுத்து ஒருவர் வருவார். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. அந்தச் சட்டம் தடையைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பொருள் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், அதை இந்தியத் தொல்லியல் துறைதான் முடிவு செய்யும் என்றும் அதில் இருக்கிறது. இது பலருக்குத் தெரியாததால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெலமைன் பாலிஷ் அடிக்க யாரையும் விடாதீர்கள். கைப்பிடிகளைக் கழற்றிக் கொடுக்கவும் வேண்டாம், அவை தனியாகவே விலைபோகும். கவிழ்த்த டிராயரையும் இரு பாதிகள் சேரும் இடத்தையும் படமெடுத்து, தொடர்பில்லாத இரண்டு வியாபாரிகளிடம் காட்டிய பிறகே விலை பேசுங்கள்.