படலம் மங்கலாக உலர்கிறதா? கரைப்பான் போகும் வேகத்தைக் கவனியுங்கள்

கேள்வி: பிஎம்6 (எலக்ட்ரான் தரும் பாலிமர்), ஒய்6 (எலக்ட்ரான் ஏற்கும் சிறு மூலக்கூறு) கலவையைக் குளோரோஃபார்மில் கரைத்து ஸ்பின் கோட்டிங் (அடித்தளத்தைச் சுழற்றிப் படலமாக்குதல்) செய்தபோது கரிம சூரிய மின்கலம் நன்றாக வேலை செய்தது. இப்போது ஆர்த்தோ-சைலீனில் கரைத்து பிளேடு கோட்டிங் (தகட்டால் இழுத்துப் பரப்புதல்) செய்கிறேன். மின்னழுத்தம் அவ்வளவாக மாறவில்லை; மின்னோட்டமும் ஃபில் ஃபேக்டரும் (உச்சத் திறனுக்கும், உச்ச மின்னழுத்தம், உச்ச மின்னோட்டம் இவற்றின் பெருக்கத்துக்கும் உள்ள விகிதம்) விழுந்துவிட்டன. படலம் லேசாக மங்கித் தெரிகிறது. என்ன கோளாறு?

பதில்: படலம் மெதுவாக உலர்வதுதான் பெரும்பாலும் காரணம். 25 டிகிரி செல்சியஸில் ஆர்த்தோ-சைலீனின் ஆவியழுத்தம் குளோரோஃபார்முடையதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. போதாததற்கு, ஸ்பின் கோட்டிங்கில் சுழற்சியே பெரும்பகுதிக் கரைசலை வெளியே வீசிவிடும். பிளேடில் அத்தனையும் ஆவியாகித்தான் போக வேண்டும். மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் கரைசலில் 100 நானோமீட்டர் படலம் கிடைக்க, ஈரப் படலம் சுமார் 6 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும்.

மொத்த உலர்நேரத்தை விட அதன் கடைசிக் கட்டம்தான் முக்கியம். கரைப்பான் குறையக் குறையச் செறிவு கரைதிறன் எல்லையைத் தாண்டும். அங்கிருந்து படலம் இறுகும் வரை மூலக்கூறுகள் நகர்ந்து திரள்கின்றன. ஒளி உண்டாக்கும் எக்ஸிட்டான் (பிணைந்த எலக்ட்ரான்-துளை இணை) சாதாரணமாக 10 நானோமீட்டர் அளவுக்குத்தான் பயணிக்கும். திரள்கள் அதைவிட மிகவும் பெருத்தால், இரு பொருள்களும் சந்திக்கும் எல்லையை எட்டி மின்னூட்டங்களாகப் பிரியும் முன்பே அது அழிந்துவிடும். கண்ணுக்கே மங்கல் தெரிகிறதென்றால், திரள்கள் ஒளியைச் சிதறடிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று பொருள். இதன் பிறகு சூடாக்கிப் பதப்படுத்துவதில் பயனில்லை. திரள் இன்னும் வளரவே செய்யும்.

முதலில் அடித்தளத்தைச் சூடாக்குங்கள். 60 டிகிரியில் ஆர்த்தோ-சைலீனின் ஆவியழுத்தம் அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல் சுமார் 6 மடங்கு. 80 டிகிரியில் சுமார் 14 மடங்கு. கரைசலையும் பிளேடையும் அதே சூட்டில் வையுங்கள். குளிர்ந்த பிளேடு பட்டால் பாலிமர் முன்கூட்டியே திரண்டு கோடுகள் விழும். இந்தக் கரைப்பானின் ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) சுமார் 32 டிகிரிதான். ஆகவே நைட்ரஜன் நிறைந்த கிளவ் பாக்ஸிலோ, தீப்பொறிக்கு இடமில்லாத ஃபியூம் ஹூடிலோ மட்டுமே செய்யுங்கள்.

அதுவும் போதாவிட்டால், பிளேடுக்குப் பின்னால் மெல்லிய நைட்ரஜன் வீச்சு கொடுங்கள். ஈரப்பரப்பில் அலை எழுந்தால் வீச்சு அதிகம் என்று அறியலாம். சாய்வாக விளக்கடித்துப் பாருங்கள்: மெலியும் படலத்தில் நிறப்பட்டைகள் ஓடும், அவை நிற்கும் கணமே உலர்ந்த கணம். அந்த நேரத்தை ஒவ்வொரு மாதிரிக்கும் குறித்துக்கொண்டால், எந்த மாற்றம் பலித்தது என்று ஊகிக்க வேண்டியிருக்காது. பிளேடு வேகத்தை மாற்றினால் தடிமனும் மாறும். வேகமான ஓட்டத்தில் கூடும், மிக மெதுவான ஓட்டத்தில் வேகம் கூட்டக் குறையும். எனவே தடிமனை அளக்காமல் மின்கலங்களை ஒப்பிடாதீர்கள்.

மெதுவாக உலர்த்துவதே நல்லது என்ற பழைய அறிவுரை பி3எச்டி என்ற பாலிமரும் பிசிபிஎம் என்ற ஃபுல்லரீன் சேர்மமும் சேர்ந்த கலவையிலிருந்து வந்தது. அங்கே பாலிமர் படிகமாக அவகாசம் தேவைப்பட்டது. உங்கள் கலவைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

டிஐஓ (டைஅயோடோஆக்டேன் என்ற துணைக் கரைப்பான்) சேர்த்திருந்தால், முதலில் அது இல்லாமல் ஒரு மாதிரி செய்து பாருங்கள். அதன் கொதிநிலை 300 டிகிரிக்கும் மேல். மற்றதெல்லாம் போன பிறகும் படலத்தை ஈரமாகவே வைத்திருக்கும். மிச்சமிருப்பது ஒளி பட்டுச் சிதைந்து மின்கலத்தையும் கெடுக்கும். தேவைப்பட்டே சேர்த்தால், மேல் மின்முனை படியவைக்கும் முன் வெற்றிடத்தில் வைத்து அதை வெளியேற்றிவிடுங்கள்.