வாண்டா ஜாக்சன் கன்ட்ரி பாடகியா, ராக்கபில்லி பாடகியா?

இரண்டும்தான். கன்ட்ரி என்பது அமெரிக்க நாட்டுப்புற மரபில் வளர்ந்த இசை; அதோடு ராக் அண்ட் ரோல் வேகம் கலந்தது ராக்கபில்லி. இந்த அமெரிக்கப் பாடகியிடம் ஒன்றை விட்டுவிட்டால் பாதி வாண்டாதான் மிஞ்சுவார்.

நான் முதலில் கேட்டது 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி'. தொண்டைக்குள் சரளைக்கல் உருள்வதுபோல் ஓர் உறுமல். அடுத்து 'ரைட் ஆர் ராங்' கேட்டபோது, பாடுவது வேறு யாரோ என்றே நினைத்தேன்; அவ்வளவு குழைவு, அவ்வளவு ஏக்கம்.

1937இல் ஓக்லஹோமா மாநிலத்தின் மாட் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே வானொலியில் பாடினார். அதைக் கேட்ட கன்ட்ரி பாடகர் ஹாங்க் தாம்ப்சன் தம் குழுவோடு பாட அழைத்தார். ஆனால் தாம்ப்சனின் இசைத்தட்டு நிறுவனமான கேப்பிடலில் தயாரிப்பாளர் கென் நெல்சன், பெண்கள் பாடினால் தட்டு விற்காது என்று மறுத்துவிட்டார். வாண்டா 1954இல் டெக்கா என்ற வேறொரு நிறுவனத்துக்குப் போய், தாம்ப்சன் குழுவின் பில்லி கிரேயுடன் பாடிய பாட்டைக் கன்ட்ரி பாடல்களின் தரவரிசைப் பட்டியலில் 8ஆம் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1956இல் அதே கேப்பிடல் அவரை ஒப்பந்தம் செய்தது. இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

அவருடைய உடைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கன்ட்ரி மேடையில் பெண்கள் பூட்ஸும் அகன்ற பாவாடையுமாக நின்ற காலம் அது. தனக்குப் பிடித்த மாதிரியை வாண்டா சொல்ல, தையல் தெரிந்த அவர் அம்மா நெல்லி, அசைந்தால் ஆடும் குஞ்சங்கள் வைத்துத் தைத்துக் கொடுத்தார். 1955இல் நாஷ்வில்லின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் ஏறும் நேரத்தில், தோள் தெரியக்கூடாது என்று தடுத்தார்கள். மேலே ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு பாடிய அந்தப் பதினேழு வயதுப் பெண்ணின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

அதே ஆண்டு எல்விஸ் பிரெஸ்லியுடன் ஊர் ஊராகப் பாடப் போனார். ராக்கபில்லி என்ற புதிய இசையைப் பாடிப்பார் என்று ஊக்கியவர் எல்விஸ்தான். 'ஃபுஜியாமா மாமா' 1957இல் பதிவானது. ஹிரோஷிமா, நாகசாகி பெயர்கள் வரும் பாட்டு. அமெரிக்காவில் எடுபடாத அது ஜப்பானில் பெரும் வெற்றி பெற, 1959இல் அங்கே சென்று பாடினார். இன்றும் அந்த வரிகள் எனக்கு உறுத்துகின்றன, குரலை மட்டும் விட முடியவில்லை. 'பார்ட்டி' பாட்டோ, 1958இல் பதிவாகி 1960இல்தான் அமெரிக்கப் பட்டியலில் 37ஆம் இடத்துக்கு வந்தது.

1971இல் கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊன்றிய பிறகு நற்செய்திப் பாடல்கள் பக்கம் திரும்பினார். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் இடம் கிடைத்தபோது ஆண்டு 2009, வயது 71. 2011இல் ராக் இசைக்கலைஞர் ஜாக் வொயிட் தயாரிப்பில் ஓர் ஆல்பம். 2019இல் மேடையிலிருந்து ஓய்வு.

எங்கே தொடங்குவது என்றால், 1961இல் வந்த ஒரு சிறு இசைத்தட்டைச் சொல்வேன். ஒரு பக்கம் 'ரைட் ஆர் ராங்'. திருப்பிப் போட்டால் 'ஃபனல் ஆஃப் லவ்'.