பெரிய விஞ்ஞானி ஒருவரைக் கல்லூரிக் கருத்தரங்குக்கு எப்படி அழைப்பது?

'எங்களுடையது சின்னக் கல்லூரி, கூப்பிட்டால் வருவாரா?' என்று கேள்வியிலேயே தயங்கியிருக்கிறீர்கள். வருவார். நான் முதலில் எழுதிய மாதிரி எழுதினால்தான் வரமாட்டார்.

இயற்பியல் துறையில் கருத்தரங்குப் பொறுப்பு என் தலையில் விழுந்த வருடம், எட்டுப் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினேன். 'தாங்கள் வருகை தந்து விழாவைச் சிறப்பிக்க வேண்டுகிறோம்' என்று கல்யாணப் பத்திரிகை நடை. ஏழு பேர் பதிலே போடவில்லை. எட்டாமவர் ஒரு வரி எழுதினார்: "எதைப் பற்றி, யாரிடம் பேச வேண்டும்?" கடிதத்தைத் திரும்பப் படித்தேன். கல்லூரி வரலாறு இருந்தது, தாளாளர் பெருமை இருந்தது, கல்லூரிகளுக்குக் கொடுக்கும் நாக் (NAAC) தரமும் இருந்தது. அவர் கேட்ட இரண்டும் இல்லை.

1911-ல் பிரஸ்ஸல்ஸில் நடந்த முதல் சால்வே இயற்பியல் மாநாட்டுக்கு அழைப்பு எப்படிப் போனது என்று பின்னால்தான் படித்தேன். யோசனை ஜெர்மன் வேதியியலாளர் வால்டர் நெர்ன்ஸ்டுடையது, பணம் தொழிலதிபர் எர்னஸ்ட் சால்வேயுடையது. மாநாடு அக்டோபர் கடைசியில்; அழைப்பு ஜூன் மாதமே போய்விட்டது. கதிர்வீச்சு, குவாண்டம் பற்றி என்னென்ன சிக்கல்களைப் பேசப் போகிறோம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். 32 வயது ஐன்ஸ்டைனுக்குத் 'தன் வெப்பம்' (ஒரு பொருளைச் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பது) பற்றிய அறிக்கை ஒதுக்கப்பட்டது. இத்தனைக்கும், இதில் அக்கறை உள்ளவர்கள் இன்னும் போதாது, கொஞ்சம் பொறுங்கள் என்று முந்தைய வருடம் நெர்ன்ஸ்டிடம் சொன்னவர், குவாண்டம் கருத்தைத் தொடங்கிவைத்த மாக்ஸ் பிளாங்க். அவரும் வந்தார்.

அது பணக்கார ஊர்க் கதை என்பீர்கள். சரி, சென்னைக்கு வருவோம். இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் மயிலாப்பூரில் தன் வீட்டிலேயே மாணவர்களை வைத்துக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தார். 1960-ல் இந்தியா வந்த டென்மார்க் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் (Bohr) அந்த வீட்டுக்குப் போய், மாணவர்களோடு பேசினார். பிறகு பத்திரிகையாளர்களிடம் அந்தச் சின்னக் குழுவைப் பாராட்டினார். இரண்டே வருடத்தில், 1962 ஜனவரியில், அதன் தொடர்ச்சியாகச் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கியது. நீல்ஸ் போருக்கு அந்த வீட்டில் கிடைத்தது கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைகள்.

எனக்கு ஒரு வரி எழுதியவருக்கு மறுபடி எழுதினேன். 'எங்கள் எம்.எஸ்சி. மாணவர்கள் இரண்டு பேர் உங்கள் கட்டுரையின் மூன்றாம் படத்தைத் தாங்களே கணக்கிட்டுப் பார்த்தார்கள். வேறு மாதிரி வருகிறது. வந்து பார்ப்பீர்களா? எந்தத் தேதி வசதி?' அன்று இரவே பதில் வந்தது.

அப்புறம், ரயில் டிக்கெட்டை நீங்களே போட்டுவிடுங்கள். 'செலவைப் பிறகு தருகிறோம்' என்றால் ரசீதும் கையுமாக மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். முக்கியமாக, மேடையைக் குறையுங்கள். எங்கள் ஊரில் குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடியவே பதினொன்றரை. பாவம், நான் அழைத்து வந்தவருக்குக் கிடைத்தது 25 நிமிடம்.

ஆனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஆய்வகத்துக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு, அந்த இருவரின் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நாலு மணிக்குத் தப்பு அகப்பட்டது: அலகு மாற்றியபோது ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருந்தது. ஐந்தரை ரயிலுக்கு ஓடிய அவசரத்தில், போர்த்திய பொன்னாடையை அந்த ஸ்டூல் மேலேயே மறந்துவிட்டுப் போய்விட்டார்.