ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரக்கமும் பொறுப்பும் வர, வகுப்பறையில் கிளியோ முயலோ வளர்க்கலாமா?

உயிர் ஒன்றை வளர்க்கலாம். ஆனால் கிளியும் வேண்டாம், முயலும் வேண்டாம் என்பேன். நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் இதே வகுப்புகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமைக்கும் அதே கதைதான். அதை மேசைமேல் வைத்துக்கொண்டு பொறுப்பைப் பற்றிப் பேசத் தனித் துணிச்சல் வேண்டும்.

முயலுக்குச் சட்டச் சிக்கல் இல்லை, வெயில்தான் சிக்கல். அதற்கு நம்மைப் போல வியர்க்காது. உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் தணித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூட்டி, திங்கள்கிழமை காலையில் திறக்கிற அறையில், பங்குனி வெயிலில் அதற்கு யார் தண்ணீர் வைப்பார்கள்? தரையிலிருந்து தூக்கினாலே மிரளும் பிராணியை வகுப்பே வரிசையில் நின்று தூக்கினால் அதன் பாடு என்ன? பிள்ளைகள் அதிலிருந்து கற்றுக்கொள்வது இரக்கமாக இருக்காது.

என் தேர்வு அடைக்கோழி. எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கும் அக்காவின் கோழியைத் தார்சாவின் (வராந்தாவின்) ஒரு மூலையில் அடை வைப்போம். சனி, ஞாயிறும் அக்கா வந்து பார்த்துக்கொள்வார். இந்த ஒரு ஏற்பாடு இல்லையென்றால் தொடங்கவே தொடங்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையின் தலையில் ஓர் உயிரின் முழுப் பொறுப்பையும் கட்டக் கூடாது. தண்ணீர் மாற்றுவது, தவிடும் குருணையும் வைப்பது எல்லாம் இருவர் இருவராகப் பிள்ளைகள் செய்யட்டும்; செய்தார்களா என்று பெரியவர்கள் பார்க்க வேண்டும். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குப் பரிசாக அந்த வேலையைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. எல்லாருக்கும் முறை வர வேண்டும். கோழியைக் கண்டு பயப்படும் பிள்ளை தள்ளி உட்கார்ந்து பார்த்தால் போதும்.

குஞ்சு பொரிக்க 21 நாள். சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் நாளுக்கொரு கோடு போடுவோம். ஒரு வாரம் ஆனதும், கோழி இரை தின்ன இறங்கும் நேரம் பார்த்து, இருட்டறையில் முட்டையை டார்ச் வெளிச்சத்தில் காட்டினால் சிவப்பு நரம்புகள் சிலந்திக்கால் போலப் பரவியிருப்பது தெரியும். சத்தம் போட்டே பழகிய வகுப்பு அன்று குசுகுசுவென்றுதான் பேசும். கிட்டே போனால் கோழி சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். "ஏன் டீச்சர் கோபப்படுகிறது?" என்று ஒருவன் கேட்பான்; "முட்டையை எடுத்துவிடுவோம் என்று பயம்டா" என்று இன்னொருத்தி சொல்வாள். அந்தப் பதிலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

சில முட்டைகள் கூமுட்டையாகப் போகும். குஞ்சுகளைப் பஞ்சாரம் என்கிற கூடையில் கவிழ்த்து வைத்தாலும், திறந்துவிட்ட நேரத்தில் பருந்தோ கீரியோ ஒன்றைக் கொண்டுபோகும். ஊருக்குப் போய்விட்டது என்று கதை விடாதீர்கள். செத்துப்போனது என்றே சொல்லுங்கள்.

தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம். பார்க்க நலமாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். குஞ்சுக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் தொடவே வேண்டாம்.

பாளையங்கோட்டை போன்ற டவுனில் முற்றமில்லாத பள்ளி என்றால் ஒரு கறிவேப்பிலைச் செடி போதும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். முதலில் பறவை எச்சம் போலத் தெரியும் புழு, வளர்ந்ததும் பச்சையாகிவிடும். சீண்டினால் தலையிலிருந்து கவட்டை போன்ற ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளுக்கு அதில் கொள்ளைச் சிரிப்பு. வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்து போய்விடுவதால் லீவில் யார் பார்ப்பது என்ற கவலையும் இல்லை.

முடிந்தால், பறவைகள் கூடு கட்ட வரும் நெல்லை மாவட்டக் கிராமமான கூந்தன்குளத்துக்கும் கூட்டிப்போங்கள். நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும். அவை மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1994இல் சரணாலயமாக அறிவிக்கும் முன்பிருந்தே அந்த ஊர் அப்படித்தான்.

கடைசியாக, கோழி வளர்த்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "டீச்சர், இதைக் குழம்பு வைத்துவிடுவார்களா?" சேவல் என்றால் ஒருநாள் வைப்பார்கள் என்றுதான் நான் சொன்னேன். ஒருத்தி அழுதாள். பக்கத்தில் இருந்தவன், தனக்குக் கால் துண்டுதான் பிடிக்கும் என்றான். இரண்டு பேரையும் நான் திருத்தப் போகவில்லை.